முதல் வாய்ச் சோறு

தொலைபேசியை மா வாளிக்குள் போட்டு மூடியை அமத்திய பிறகுதான், தான் என்ன காரியம் செய்தோம் என்பது உதயகலாவுக்கு விளங்கியது. அது மாமியாருடைய தொலைபேசி. மாமி கிணற்றடியில் முழுகிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் வான் வந்து நின்றது. சாரதி ஜெயசுதன் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பொங்கல் பானைக்கும் விறகுக்கும் இடம் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் நன்றாக விடியவில்லை. வாளிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வறுத்த அரிசிமா சத்தத்தையும் விழுங்கும் போலிருக்கிறது என்று அந்த நேரத்திலும் அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது.

அழைத்தவள் கொடிகாமத்துப் பிரியந்தினி. மாமனாருடைய பெரியப்பா மகன் முருகேசுவின் மகள்.

"மச்சாள், அப்பா மோசம் போயிட்டார். விடியப்புறம் தண்ணி கேட்டவர், குடுத்தம், அவ்வளவுதான். சித்தப்பாவுக்கு அடிக்க அடிக்க எடுக்கிறார் இல்லை. நீங்கள் ஒருக்கால் சொல்லிவிடுங்கோ. நாளைக்குப் பின்னேரம்தான் எடுக்கிறம். சின்னண்ணை கொழும்பிலை இருந்து வரோணும்."

"ஓம்" என்று மட்டும் சொன்னாள் உதயகலா. ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லத் தோன்றவில்லை. பிரியந்தினி அழுதுகொண்டே வைத்துவிட்டாள். அவளுக்கு இன்னும் எத்தனையோ பேருக்கு அடிக்க இருந்தது.

சொல்லியிருந்தால் அந்தக் கணமே எல்லாம் முடிந்திருக்கும். வான் வெறுமனே திரும்பிப் போயிருக்கும். பெரியப்பா மகனென்றால் துடக்குக்காரர், சாவுத் தீட்டு ஒட்டும் ஒரே இரத்தம். செய்தி காதில் விழுந்தவுடனேயே தலை முழுக வேண்டும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும் வரைக்கும் கோயில் வீதியை மிதிக்கக்கூடாது, நல்ல காரியம் ஒன்றும் செய்யக்கூடாது. இந்த வீட்டில் அந்தச் சட்டத்துக்கு விலக்கே கிடையாது. ஏனென்றால் சண்டிலிப்பாயில் பாதிச் சனம் துடக்குக் கணக்குக் கேட்க வருவதே மாமனார் அருளம்பலத்திடம்தான். யாருக்கு யார் துடக்குக்காரர், யார் முழுகினால் போதும், யார் அந்தியேட்டி மட்டும் காக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. புகையிலைத் தோட்டத்தில் நின்றபடியே, வேலிக்கு அப்பால் நிற்கிறவருக்குத் தீர்ப்புச் சொல்லி அனுப்புவார். போன ஆவணியில் அடுத்த வீட்டு அருமைநாயகி வந்து, மகன் தாலி கட்டி முடிந்த பிறகுதான் சித்தப்பன் செத்த செய்தியைத் தங்களுக்குச் சொன்னார்கள், அந்தக் கலியாணம் செல்லுமோ என்று கண்ணைக் கசக்கினாள். அப்போது அவர் சொன்னது உதயகலாவுக்கு எழுத்து விடாமல் ஞாபகம் இருந்தது.

"கேள்விப்படாதவனுக்குத் துடக்கில்லை. ஆனால் கேள்விப்பட்டவன் தெரியாத மாதிரி நிண்டால், அவனுக்கு உலகத்திலை உள்ள துடக்கெல்லாம்."

வாளி மூடியைத் திரும்பவும் ஒரு தரம் அமத்தினாள். அறையில் லக்‌ஷன் குழந்தையோடு கதைத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

லக்‌ஷனுக்குக் கட்டாரில் வேலை. ஆதிரை பிறந்தபோது அவன் அங்கேதான் நின்றான். இந்த விடுமுறையில்தான் பிள்ளையை முதன்முதலாகத் தூக்கினான். தூக்கியவுடன் அவள் அவனுடைய தாடியைப் பார்த்து வீரிட்ட வீரிடலில் கோழிகள் கூடச் சிதறி ஓடின. அன்றைக்கே தாடியை வழித்தான். அப்படியும் அவள் கிட்டப் போகவில்லை. தாயின் தோளுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு, சந்தைக்கு வந்த புது வியாபாரியைப் பார்க்கிறமாதிரிப் பார்த்தாள். முந்தாநாள்தான் தானாக அவனிடம் தாவினாள். அவன் அன்று முழுக்க அவளை இறக்கி விடவேயில்லை. வருகிற வியாழக்கிழமை அவனுக்குப் பிளேன். இனி வர இரண்டு வருஷம்.

நேர்த்தி வைத்ததும் அவன்தான். முதல் கர்ப்பம் தங்காமல் போய், இரண்டாவதும் ஆட்டம் காட்டி உதயகலா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில், தொலைபேசியில் அழுதுகொண்டு சொன்னான்: பிள்ளையைச் சுகமாய்த் தந்தால் சந்நிதி முருகனுக்குப் பொங்கி, அந்தப் புக்கையில் என் கையாலேயே பிள்ளைக்கு முதல் சோறு தீத்துவேன். என் கையாலேயே என்று சொல்லியிருக்கத் தேவையில்லை. சொல்லிவிட்டான். பெண் பிள்ளைக்கு ஒற்றை மாதத்தில் தீத்த வேண்டும்; ஏழாம் மாதம் இந்தக் கிழமையோடு முடிகிறது. அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை. கடவுளிடம் வைத்த வாக்கு, அதுவும் குழந்தையின் தலையில் வைத்த வாக்கு, பிந்தினால் என்ன ஆகும் என்பதை உதயகலா யாரிடமும் கேட்டதில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

போன கிழமை எல்லோரும் கொடிகாமம் போய் முருகேசுப் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். மாசக் கணக்கில் படுக்கை. கையெல்லாம் வற்றிப்போய்க் கிடந்தது. வாய் மட்டும் வற்றவில்லை. அவருக்கும் துடக்குக் கணக்குத் தெரியும்தானே. உதயகலாவைக் கிட்டக் கூப்பிட்டு, "பயப்பிடாதை பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நான் கிடப்பன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து, இருமி, இருமல் அடங்கிய பிறகு சொன்னார்: "எத்தினை வாய் வாங்கினவள் எண்டு வந்து எனக்குச் சொல்லோணும்."

மனிசன் சொல்லுத் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியும் வரைக்கும் கிடந்துதான் போயிருக்கிறார். இன்னும் ஒரு அரை நாள் கிடந்திருக்கக் கூடாதா என்று அவர்மேல் அவளுக்குக் கோபம் வந்தது. செத்தவர்மேல் கோபப்படுகிறோமே என்று பிறகு வெட்கமும் வந்தது.

வெளிக்கிடும்போது மாமி பத்மாவதி தொலைபேசியைத் தேடி வீட்டை ஒருமுறை சுற்றி வந்தாள். "சாஜ்ஜிலை போட்டனான், எங்கை போய்த் துலைஞ்சுது? கலா, நீ கண்டனியே?"

"இல்லை மாமி. நேரம் போகுது. வந்து தேடுவம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தவள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். தான் மாவுக்குள் மறைத்தவள்.

அருளம்பலம் முன் ஆசனத்தில், சாரதிக்குப் பக்கத்தில் முதலே ஏறி இருந்தார். வழக்கத்தில் அவர் கடைசியாக ஏறுகிறவர். பானை கவிழாமல் இருக்கிறதா, தேங்காய் உருளாமல் இருக்கிறதா என்று பார்த்து, எல்லோரையும் ஒருமுறை ஏசிவிட்டுத்தான் ஏறுவார். இன்று பானையைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. வெள்ளனச் சந்திப் பக்கம் வெற்றிலை வாங்கப் போய் வந்தவர், வெற்றிலையை மதிலில் வைத்துவிட்டு, லக்‌ஷனிடம் "எடுத்து வை" என்று சொன்னதோடு சரி. உதயகலாவுக்கு அப்போது அதெல்லாம் கண்ணில் பட்டது, கருத்தில் படவில்லை. தன்னுடைய முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதே அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

வான் சுன்னாகம் தாண்டி, புன்னாலைக்கட்டுவன் பக்கமாக ஓடியது. இரண்டு பக்கமும் செம்மண் தறைகள், வெங்காயம், மரவள்ளி, இடைக்கிடை புதுத் தகரம் போட்ட வீடுகள். தண்ணீர் இறைக்கிறவர்கள் மண்வெட்டியோடு நிமிர்ந்து வானைப் பார்த்தார்கள். லக்‌ஷன் யன்னலால் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தான். கட்டாரில் அறையில் கூட இருக்கிற பெடியளுக்குக் காட்டவாம். கோயில் முடிய வல்வெட்டித்துறைக் கடற்கரையில் இருந்து புக்கை சாப்பிட்டு, பிள்ளையின் காலைக் கடலில் நனைத்து, பிறகு ரவுணுக்குப் போய் ஐஸ்கிறீம் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவதாக அவன் திட்டம் போட்டிருந்தான். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னான். ஒரு நாளுக்குள் இரண்டு வருஷத்தைத் திணிக்கப் பார்க்கிறான் என்று அவளுக்குப் பட்டது.

"என்னப்பா ஒரு மாதிரி இருக்கிறீர்?" என்று மெல்லக் கேட்டான்.

"நித்திரை இல்லை" என்றாள்.

அச்சுவேலி வரும்போது சொல்லிவிடுவோம் என்று ஒருமுறை வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அவன் ஒரு கரண்டியை எடுத்து, வெறுங் கரண்டியைப் பிள்ளையின் வாய்க்கு நேரே கொண்டுபோய்ப் பழகிக் காட்டினான். ஆதிரை ஆவென்று வாயைத் திறந்தாள். மாமி சிரித்தாள். சாரதியும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். உதயகலா வாயை மூடிக்கொண்டாள். முன்னால் இருந்தவர் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளைக்கு அப்பப்பாவின் தோள் கண்டால் போதும். தவழ்ந்து முன் ஆசனத்துப் பக்கம் கையை நீட்டி அவருடைய சேட்டைப் பிடித்து இழுத்தாள். அருளம்பலம் தோளை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஒருக்கால் வாங்குங்கோவன், அந்தரப்படுகிறாள்" என்றாள் பத்மாவதி.

"சேட்டு ஊத்தை" என்றார்.

"விடியத்தானே தோய்ச்சது போட்டனீங்கள்? உங்கடை நெத்தியும் வெறுமையாக் கிடக்கு. கோயிலுக்குப் போறவர் திருநீறும் பூசேல்லை. வயது போகப் போக..." என்று மாமி இழுத்தாள். அவர் யன்னலுக்கு வெளியே ஆரோ ஒருவருடைய மரவள்ளியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சந்நிதி கோயில் இருக்கிற தொண்டைமானாற்றில் வானை ஆற்றங்கரையோரம் நிறுத்தினான் ஜெயசுதன். ஞாயிறு என்பதால் சனம் இருந்தது. ஆற்றில் முழுகி எழுந்தவர்கள் ஈர வேட்டியோடு கோயில் பக்கம் போனார்கள். மரங்களுக்குக் கீழே ஏற்கனவே இரண்டு மூன்று பானைகள் புகைந்துகொண்டிருந்தன. பூசை செய்கிறவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, ஒரு மந்திரமும் உரத்துச் சொல்லாமல் பூசை செய்யும் கோயில் அது. பேசாமல் செய்தாலே போதும் என்று எண்ணுகிற கடவுள் இதையும் பேசாமல் விட்டுவிடக்கூடாதா என்று வழி முழுக்க அவள் தன்னோடு வழக்காடி வந்திருந்தாள். இறங்கி நின்றபோது அந்த வழக்குத் தோற்றுவிடும் போலிருந்தது.

பானையை லக்‌ஷன் தூக்கினான். விறகைச் சாரதி தூக்கினான். அருளம்பலம் இறங்கி வந்து ஆற்றுப் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"நீங்கள் போங்கோ. எனக்கு முழங்கால் உழையுது. நான் இதிலை இருக்கிறன்."

"பேத்திக்குச் சோறு தீத்திறதை விட முழங்காலோ பெரிசு?" பத்மாவதிக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சைக்கிள்லை வந்து போறவர்!"

"போங்கோ எண்டு சொல்லுறன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. குழந்தை திரும்பவும் கையை நீட்டியது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அந்தக் கையைக் கண்டபோதுதான் உதயகலாவுக்குப் பிடிபட்டது. எடுக்காத தொலைபேசி, தொடாத பானை, பூசாத திருநீறு, வாங்காத பிள்ளை. சந்தியில் வெற்றிலை வாங்கப் போன இடத்தில் ஆரோ சொல்லியிருக்கிறார்கள். கொடிகாமம் சந்தைக்குப் போய் வருகிற வியாபாரிகளின் லொறி விடிய அந்த வழியால்தான் வரும். கேட்டவர் கேட்டதைத் தனக்குள் வைத்துக்கொண்டு, வானில் ஏறி, பானையில் படாமல், பிள்ளையில் படாமல், இவ்வளவு தூரம் வந்து, வீதிக்கு வெளியே தன்னை நிறுத்திவிட்டார். தான் ஒருவர் மட்டுமே அறிந்ததாக நினைக்கிறார். அவருடைய கணக்கின்படி கேள்விப்படாத மற்றவர்கள் எல்லோரும் சுத்தம். கணக்கில் ஒரேயொரு பிழை. அது அவள்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கிழவரில் கோபமாகவும் இருந்தது. அவர் முழங்காலைச் சாட்டாமல், எல்லாம் தெரிந்தும் தெரியாதவராக உள்ளே போயிருந்தால், அவளும் பின்னாலேயே போயிருப்பாள். இப்போது எப்படிப் போவது? பத்து மாதம் சுமந்தது அவள். படுக்கையில் இரத்தம் கண்டு பயந்தது அவள். பிள்ளை முதல் வாய் சோறு வாங்குவதைப் பார்க்க இந்த உலகத்தில் யாருக்கு உரிமை இல்லாவிட்டாலும் அவளுக்கு இருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகப் போயிற்று. அதுவும் தன் கையாலேயே உடைக்க வேண்டும்.

மாமியின் காதருகில் குனிந்தாள். "மாமி, எனக்கு வரேலாது. சுகமில்லாமல் வந்திட்டுது."

பத்மாவதி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இண்டைக்கோ? போன கிழமைதானே உனக்கு..." சொல்ல வந்தவள் மகன் கிட்ட நிற்பதைக் கண்டு நிறுத்தினாள். பிறகு நெற்றியில் கையால் அடித்துக்கொண்டு, "அவர் முழங்கால், இவள் இப்பிடி. நல்ல குடும்பம்" என்று முணுமுணுத்தாள். லக்‌ஷனிடம் ஏதோ சொன்னாள். அவனுடைய முகம் விழுந்துவிட்டது.

உதயகலா குழந்தையை அவனிடம் கொடுத்தாள். வெள்ளிக் கிண்ணத்தையும் கழுத்துத் துணியையும் கொடுத்தாள். "சூட்டை உங்கடை சொண்டிலை வைச்சுப் பாருங்கோ. கொஞ்சமாத் தீத்துங்கோ. புரைக்கேறினால் முதுகைத் தடவுங்கோ."

"நீர் இல்லாமல்..."

"நேர்த்தி உங்கடை கைக்குத்தானே. போங்கோ."

அவர்கள் போனார்கள். பிள்ளை தகப்பனின் தோளுக்கு மேலால் அவளையே பார்த்துக்கொண்டு போனாள். அழவில்லை. அழுதிருந்தால் உதயகலா ஓடிப் போயிருப்பாள்.

படிக்கட்டில் மாமனாரிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். ஏன் போகவில்லை என்று கேட்க வாயெடுத்தவர், பெண் பிள்ளைகளின் காரியமாக்கும் என்று நினைத்தோ என்னவோ, கேட்காமல் விட்டார். ஆறு அசையாமல் கிடந்தது. பாலத்தால் ஒரு பஸ் போனது. தூரத்தில் மரத்துக்குக் கீழே லக்‌ஷன் குந்தியிருந்து அடுப்பை ஊதுவது தெரிந்தது. புகை அவனுடைய கண்ணுக்குள் போயிருக்க வேண்டும், முகத்தைத் திருப்பித் திருப்பித் துடைத்தான். மாமி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனுக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது.

ஒருமுறை மட்டும் அவர், தனக்குத்தானே சொல்கிறமாதிரிச் சொன்னார்: "சின்னனிலை என்னை இதிலைதான் நீந்தப் பழக்கினது. தலையிலை பிடிச்சு அமத்திப் போடும். நான் குழறக் குழற நிண்டு சிரிக்கும்."

யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததை அவர் கவனித்தாரோ தெரியாது.

பானை பொங்கி வழிந்தபோது மரத்தடியில் இருந்தவர்கள் அரோகரா சொன்னார்கள். பிறகு லக்‌ஷனும் மாமியும் பிள்ளையும் உள்ளே போய் மறைந்தார்கள். பிறகு மணி அடித்தது. உதயகலா இரண்டு கையையும் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இப்போது சூடு பார்க்கிறான். இப்போது வாயைத் திறக்கிறாள். துப்புகிறாளோ விழுங்குகிறாளோ. மணி நின்றது.

மணி நின்றவுடன் அருளம்பலம் எழும்பினார். முழங்காலில் ஒரு உழைவும் இருந்ததாகத் தெரியவில்லை. சேட்டைக் கழற்றிப் படியில் மடித்து வைத்துவிட்டு, வேட்டியோடு படியிறங்கி இடுப்பளவு தண்ணீருக்குப் போனார். தெற்குப் பக்கமாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கொடிகாமம் அந்தப் பக்கம். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையோடு முழுகினார். வெளியே வர நேரமெடுத்தது. வந்தபோது முகம் முழுக்கத் தண்ணீர். அதில் எது ஆற்றுத் தண்ணீர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கரையைப் பார்த்தார். மருமகள் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றி அவருடைய சேட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பின்னலை அவிழ்த்துக்கொண்டு படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். பொங்கலுக்கென்று லக்‌ஷன் வாங்கி வந்த புதுச் சேலை. தண்ணீர் காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. அவரைப் பார்க்காமல், அவரிலிருந்து மரியாதையான தூரத்தில் நின்று, அவளும் தலையோடு முழுகினாள்.

அவள் எழும்பியபோது அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு ஆர் சொன்னது?"

"பிரியந்தினி மச்சாள். விடிய."

அவர் தலையை ஆட்டினார். ஏதோ தீர்ப்புச் சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவரோ படியேறி, அவளுடைய மல்லிகைச் சரம் நனையாமல் அதை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, சேட்டை எடுத்து நெஞ்சைத் துடைத்தார்.

அப்போதுதான் லக்‌ஷன் பிள்ளையோடு வந்தான். சிரித்துக்கொண்டு வந்தவன், தகப்பனும் பெண்சாதியும் தலையால் தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்பதைக் கண்டு மேல் படியில் அப்படியே நின்றான். பின்னால் புக்கைப் பானையோடு வந்த பத்மாவதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பானையை மெதுவாக நிலத்தில் வைத்தாள்.

"ஆர்?" என்று கேட்டாள்.

"பொறு. சொல்லுறன்" என்றார் அருளம்பலம். "தம்பி, எத்தினை வாய் வாங்கினவள்? அதை முதல் சொல்லு."

லக்‌ஷனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்றாலும் சொன்னான். "மூண்டு வாய். நாலாவதைத் துப்பிப்போட்டாள்."

"மூண்டு" என்றார் அவர். மறந்துவிடக்கூடாத ஒன்றைப்போல இன்னொரு முறையும் சொன்னார். "மூண்டு வாய். நாளைக்குப் போய்ச் சொல்லுவம்."

பத்மாவதி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். ஆதிரை தகப்பனின் கையிலிருந்து அப்பப்பாவைக் கண்டு உன்னினாள். அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். வேட்டியும் ஈரம். பிறகு அப்படியே இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளை தாவி வந்து அவருடைய நனைந்த கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சொண்டோரத்தில் ஒட்டியிருந்த ஒரு சோற்றுப் பருக்கை அவருடைய தோளில் ஒட்டிக்கொண்டது. உதயகலா கையை நீட்டி அதைத் தட்டிவிடப் போனாள். "இருக்கட்டும்" என்றார்.